முகத்துக்கு முன்னாடி வந்த குரல்: எம்.எஸ்.பாஸ்கர்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

 

2025 ஆகஸ்ட் 1-ம் தேதி 71-வது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவிச்சாங்க. அன்னிக்கு நம்ம டைம்லைன் முழுக்க ஷாருக் கான். 'வாத்தி' படத்துக்காக ஜி.வி.பிரகாஷுக்கு விருதுன்னு கொஞ்சம் பேர் கொண்டாடினாங்க. அந்தப் பட்டியல்ல சிறந்த துணை நடிகர்னு ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர் மலையாளத்துல 'பூக்காலம்' படத்துல நடிச்ச விஜயராகவன். இன்னொருத்தர் 'பார்க்கிங்' படத்துல நடிச்ச முத்துப்பேட்டை சோமு பாஸ்கர்.

முத்துப்பேட்டை சோமு பாஸ்கரா, அது யாருன்னு ஒரு செகண்ட் யோசிச்சவங்க நிறைய பேர் இருப்பாங்க. நம்ம எம்.எஸ்.பாஸ்கர்தான். சின்னத்திரை பட்டாபி. 'மொழி' படத்துப் புரொபசர். இத்தனை வருஷம் ரெண்டு இங்கிலீஷ் எழுத்தா இருந்த இனிஷியல், விருதுப் பட்டியல்ல முழுசா வந்து நின்னுச்சு. திருவாரூர் மாவட்டத்துல அலையாத்திக் காடு இருக்கிற கடலோர ஊர் முத்துப்பேட்டை.

அவரோட முகம் நமக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே, அவர் குரல் வேற யாரோட முகத்து மேலயோ ஓடிட்டு இருந்துச்சு. அவர் பல வருஷம் டப்பிங் கலைஞர். அந்த டப்பிங் வேலையை அவரோட 'ஆரம்ப காலக் கஷ்டம்'னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுவாங்க. என்னைக் கேட்டா, அவர் நடிப்போட அஸ்திவாரமே அதுதான். ஏன்னு இந்த எபிசோட்ல பார்ப்போம்.

குரலும் முகமும் எப்போ பிரிஞ்சது?

இந்த எபிசோடை நார்த்தாமலையில எங்க வீட்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். கோயில் ஸ்பீக்கர் சத்தம் நடுவுல கேட்டா பொறுத்துக்கோங்க. நார்த்தாமலைன்னா எங்கன்னு கேக்கிறவங்களுக்கு: திருச்சியில இருந்து புதுக்கோட்டை போற வழி. குன்று மேல விஜயாலய சோழீஸ்வரம் இருக்கிற ஊர்.

எங்க புதுக்கோட்டைக்காரர் ஒருத்தரும் இப்படித்தான் ஊரை இனிஷியல்ல தூக்கிட்டுப் போனார். பி.யு.சின்னப்பா. புதுக்கோட்டை உலகநாத பிள்ளை சின்னப்பா. பாய்ஸ் கம்பெனி நாடகத்துல இருந்து வந்தவர். 1940-ல வந்த 'உத்தமபுத்திரன்'ல இரட்டை வேஷம். அவர் காலத்து ஹீரோ அவரே பேசணும், அவரே பாடணும். குரல் நல்லா இல்லைன்னா வேலை கிடையாது.

அப்புறம் டெக்னாலஜி வந்து ரெண்டையும் பிரிச்சிடுச்சு. பின்னணிப் பாட்டு வந்ததும் பாடுறவர் வேற, வாயசைக்கிறவர் வேறன்னு ஆச்சு. கன்னடத்துல எடுத்த 'ஹரிச்சந்திரா'வை ஏ.வி.மெய்யப்ப செட்டியார் 1944-ல தமிழ்ல டப் பண்ணி வெளியிட்டார். இந்தியாவோட முதல் டப்பிங் படம்னு அதைத்தான் சொல்றாங்க. அன்னில இருந்து பேசுற குரலும் தனியா கழட்டி மாட்டுற பொருளாகிடுச்சு.

நம்ம அப்பா அம்மா கொண்டாடின மைக் மோகனை எடுத்துக்கோங்க. 80-கள்ல அவரோட பல படங்கள்ல நாம கேக்கிற பேச்சுக்குரல் எஸ்.என்.சுரேந்தரோடது. நடிகர் விஜய்யோட தாய்மாமா. பாட்டுக்கு வேற குரல், பேச்சுக்கு வேற குரல், முகம் மட்டும் மோகன். ஆனா மூணும் சேர்ந்து ஒரே ஆள்னு நம்மள நம்ப வெச்சாங்க பாருங்க, அதுதான் டப்பிங் கலைஞரோட வேலை. அவர் அங்க இருக்கார்னு தெரிஞ்சா வேலை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

'வத்து'வும் 'வேணாம்'மும்

தமிழ்நாட்டுல தெலுங்கு டப்பிங் படங்களுக்கு ஒரு பெரிய அலை அடிச்ச காலம் உண்டு. 'பூ ஒன்று புயலானது', 'இதுதாண்டா போலீஸ்', 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' இதெல்லாம் நேரடித் தமிழ்ப் படம் மாதிரி ஓடின படங்கள். அப்புறம் டிவி வந்ததும் மதிய நேரம் முழுக்க தெலுங்குப் படம். வெளியில இருந்து பார்த்தா சுலபமான வேலை மாதிரி இருக்கும். எழுதிக் குடுக்கிறதை வாசிச்சா போச்சு.

ஒரு சின்ன உதாரணம் சொல்றேன். தெலுங்குல 'வேண்டாம்' அப்படிங்கிறதுக்கு 'வத்து'. தமிழ்ல நாம சொல்றது 'வேணாம்'. ரெண்டையும் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாருங்க. 'வத்து'ன்னு முடிக்கும்போது உதடு குவிஞ்சு திறந்திருக்கும். 'வேணாம்'னு முடிக்கும்போது உதடு மூடிடும். அங்க நடிகர் வாயைத் திறந்து வெச்சிருக்கார், இங்க சத்தம் மூடிடுச்சு. பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாது, ஆனா ஏதோ இடிக்கும். அப்போ என்ன பண்ணலாம்? 'விடு'ன்னு மாத்தலாம். அதே வ-ல ஆரம்பிச்சு அதே உ-ல முடியும். அர்த்தமும் கிட்டத்தட்ட வந்துடும்.

தெலுங்குல பெரும்பாலான வார்த்தை உயிரெழுத்து ஓசையில முடியும். தமிழ்ல நிறைய வார்த்தை 'ம்', 'ன்', 'ல்'னு மெய்யில முடியும். அதனால ஒவ்வொரு வரிக்கும் இந்தச் சண்டை இருக்கு. ப, ம வந்தா உதடு கண்டிப்பா ஒட்டணும், ஏமாத்தவே முடியாது. இது வார்த்தைக் கணக்கு. இதுக்கு மேல மூச்சுக் கணக்கு இருக்கு. அந்த நடிகர் எங்க மூச்சு இழுக்கிறார், எங்க எச்சில் விழுங்குறார், சிரிக்கிறதுக்கு முன்னாடி தோள் எப்போ குலுங்குது, இதெல்லாம் குரல்ல வரணும்.

பழைய காலத்துல ஃபிலிமைத் துண்டு துண்டா வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி வளையமா ஓட விடுவாங்க. அதுக்குப் பேர் லூப். அதே பத்து செகண்ட் காட்சி திரும்பத் திரும்ப ஓடும். ஒரே மைக்கைச் சுத்தி நாலஞ்சு பேர் நிப்பாங்க. கடைசி ஆள் சொதப்பினாலும் முதல்ல இருந்து எல்லாரும் பேசணும். இன்னிக்கு கம்ப்யூட்டர்ல ஒவ்வொருத்தரும் தனித்தனியா பேசலாம், ஒரு வார்த்தையை மட்டும் மாத்தி ஒட்டலாம். நமக்கு இருக்கிற அன்டூ பட்டன் அவங்களுக்கு அன்னிக்குக் கிடையாது.

இந்த வேலையை வருஷக்கணக்கா செஞ்ச ஒருத்தர் என்ன கத்துக்குவார்? பேசக் கத்துக்குவார்னு நாம நினைப்போம். எனக்கு என்னமோ, அடுத்தவர் முகத்தைக் கவனிக்கத்தான் அவர் கத்துக்கிட்டிருப்பார்னு தோணுது. இருட்டு ரூம்ல நின்னு, ஒரே முகத்தை நாப்பது தடவை பார்த்து, அந்த ஆள் என்ன நினைக்கிறார்னு கண்டுபிடிச்சு, அப்புறம்தான் வாயைத் திறக்க முடியும். எம்.எஸ்.பாஸ்கர் வீட்ல இது ஒரு குடும்பத் தொழில் மாதிரியே. அவர் அக்கா ஹேமமாலினி டப்பிங் கலைஞர். மகள் ஐஸ்வர்யாவும் டப்பிங்தான். மகன் ஆதித்யாவை உங்களுக்கு நல்லாவே தெரியும். '96' படத்துல சின்ன வயசு ராம்.

பபூன் கிட்ட இருந்து பட்டாபி வரைக்கும்

அவர் மேடை நாடகமும் பண்ணினவர். மேடைக் காமெடின்னா என்னன்னு எங்க பக்கத்துல இருந்து சொல்றேன். புதுக்கோட்டைச் சீமையில திருவிழான்னா இன்னிக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல 'வள்ளி திருமணம்' நாடகம் போடுறது உண்டு. முருகன், வள்ளி, நாரதர் எல்லாரும் பாட்டும் செந்தமிழுமா தர்க்கம் பண்ணுவாங்க. ஆனா மேடைக்கு முதல்ல வர்றது பபூன். ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார். முன் வரிசையில தூங்குற ஆளைக் கலாய்ப்பார். விடிய விடிய நடக்கிற நாடகத்துல நம்ம வீட்டுத் தமிழ் பேசுற ஆள் அவர்தான். பபூனோட ஆயுதம் குரல். எங்க இறக்கணும், எங்க நிறுத்தணும், ஜனம் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு அவருக்குத் தெரியணும்.

சின்னத்திரையில எம்.எஸ்.பாஸ்கரை வீட்டுக்கு வீடு கொண்டு போய்ச் சேர்த்தது 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வோட பட்டாபி. நம்ம வயசுக்காரங்க பல பேருக்கு ஸ்கூல் விட்டு வந்து டிவி பார்த்த ஞாபகத்துல பட்டாபி இருப்பார். அதுக்கப்புறம் சினிமாவுல வரிசையா சின்னச் சின்ன காமெடி ரோல். ஒரு காட்சி, ரெண்டு காட்சி. வந்து சிரிக்க வெச்சுட்டுப் போயிடுவார்.

1984-லயே நின்னுட்ட மனுஷன்

2007-ல ராதாமோகன் இயக்கத்துல 'மொழி' வந்துச்சு. ஹீரோ பிருத்விராஜும் அவர் நண்பரா வர்ற பிரகாஷ்ராஜும் சினிமாவுக்குப் பின்னணி இசை வாசிக்கிறவங்க. ஜோதிகாவுக்குக் காது கேக்காது, பேச்சு வராது. சத்தத்தை வெச்சுப் பிழைக்கிறவனும், சத்தமே இல்லாத உலகத்துல இருக்கிற பொண்ணும். அந்த அபார்ட்மெண்ட்ல குடியிருக்கிறார் புரொபசர் ஞானப்பிரகாசம். அதுதான் எம்.எஸ்.பாஸ்கர்.

அவருக்கு எப்பவுமே 1984. அந்த வருஷத்து அரசியல், அந்த வருஷத்துச் செய்தி எல்லாத்தையும் இன்னிக்கு நடக்கிற மாதிரியே பேசுவார். தியேட்டர்ல ஜனம் விழுந்து விழுந்து சிரிச்ச கேரக்டர். அப்புறம் காரணம் தெரியவருது. அந்த வருஷம்தான் அவரோட மகன் இறந்துட்டான். அதுக்கு மேல அவரால காலண்டரைக் கிழிக்க முடியல. அவரை அழ வைக்கிற அந்தக் காட்சியில, அவ்வளவு நேரம் சிரிச்சுட்டிருந்தவங்களுக்கு எங்க பார்க்கிறதுன்னு தெரியாது.

இந்தக் காட்சியை ஒரு தடவை கண்ணை மூடிட்டுக் கேளுங்க. காமெடிக்குப் பேசின அதே குரல்தான், அதே சுருதி. மூச்சு மட்டும் மாறுது. சிரிப்பு ஏன் வந்துச்சோ, அதே காரணத்துக்குத்தான் அழுகையும் வருது. அதனாலதான் அந்த மாற்றம் நமக்கு ஒட்டவெச்ச மாதிரி தெரியல.

அதுக்கப்புறம் அவரைச் சிரிக்க வைக்க மட்டும் கூப்பிடலை. 2015-ல 'உத்தம வில்லன்'ல கமல்ஹாசனுக்கு மேனேஜரா சொக்கு செட்டியார். 2017-ல '8 தோட்டாக்கள்'. ஒரு போலீஸ்காரனோட துப்பாக்கி தொலைஞ்சு போகுது, அது கிருஷ்ணமூர்த்திங்கிற வயசான மனுஷன் கைக்கு வருது. அந்த ஆள் தன் வாழ்க்கையை உக்காந்து சொல்ற ஒரு நீளமான காட்சி இருக்கு. வெட்டு இல்ல, குத்து இல்ல. ஒரு மனுஷன் பேசுறான், அவ்வளவுதான்.

பார்க்கிங்: நம்ம தலைமுறைக்கு எதிர்ல ஒரு அப்பா

2023 டிசம்பர்ல 'பார்க்கிங்' வந்துச்சு. ராம்குமார் பாலகிருஷ்ணன் இயக்கம். மாடி வீட்டுக்கு ஒரு ஐ.டி. பையன் கர்ப்பிணி மனைவியோட குடி வர்றான். அது ஹரிஷ் கல்யாண், இந்துஜா. கீழ் வீட்ல பல வருஷமா இருக்கிறவர் இளம்பருதி. ரிட்டயர்மெண்ட் நெருங்குற, நேர்மையான அரசு அலுவலர். பையன் கார் வாங்குறான். வாசல்ல ஒரு வண்டிக்குத்தான் இடம். அந்த இடம் யாருக்கு? கதை அவ்வளவுதான்.

நாமெல்லாம் ஐ.டி. பையன் பக்கம்தான் போய் உக்காருவோம், இயல்பா. ஆனா இளம்பருதியை வெறும் வில்லன்னு தள்ளிட முடியல. காசை எண்ணி எண்ணிச் செலவு பண்ணின மனுஷன், வீம்புக்காகவே ஒரு கார் வாங்கிக் கொண்டுவந்து அந்த இடத்துல நிறுத்துவார். அந்தக் கோபத்துக்குப் பின்னாடி ஒரு அவமானம் இருக்கு. 'நேத்து வந்தவன் முன்னாடி நான் என்ன ஆனேன்'ங்கிற கேள்வி இருக்கு. அதை அவர் வசனத்துல சொல்றது கம்மி. ஹரிஷ் கல்யாண் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்க. தாடை இறுகுறது, மூக்கு வழியா மூச்சு விடுறது. நாப்பது தடவை லூப்ல அடுத்தவர் முகத்தைப் பார்த்தவருக்குத்தான், எதிராளி பேசுறப்போ எப்படி நிக்கணும்னு அவ்வளவு துல்லியமாத் தெரியும்னு எனக்குத் தோணுச்சு.

அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை, துணை நடிகர்னு மூணு தேசிய விருது கிடைச்சது. 2025 செப்டம்பர்ல ஜனாதிபதி கையால அவர் விருது வாங்கினப்போ அறுபது வயசைத் தாண்டியிருந்தார்.

பேர் போடாத வேலை

விருது முகத்துக்குக் கிடைச்சது, சந்தோஷம். குரலுக்கு? தமிழ்நாடு அரசு விருதுகள்ல டப்பிங் கலைஞர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கு. கதைப் படங்களுக்கான தேசிய விருதுல அப்படி ஒண்ணு இல்ல.

1993-ல வந்த 'மணிச்சித்ரதாழ்' தெரியும்ல? நம்ம 'சந்திரமுகி'யோட மூலம். அதுல ஷோபனாவுக்குச் சிறந்த நடிகை தேசிய விருது. படத்துல நாகவல்லி தமிழ் பேசுவா. அந்தக் குரல் பாக்யலட்சுமியோடதுன்னுதான் இருபது வருஷத்துக்கு மேல எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. 2016-லதான் இயக்குநர் ஃபாசில், நாகவல்லிக்குப் பேசினது துர்கான்னு ஒரு தமிழ் டப்பிங் கலைஞர்னு வெளியில சொன்னார். கங்காவுக்குப் பேசினது பாக்யலட்சுமி. ரெண்டு பேருமே அபாரமான கலைஞர்கள். ஆனா இருபது வருஷம் ஒருத்தரோட வேலை பேர் இல்லாம காத்துல அலைஞ்சிருக்கு.

ஹாலிவுட்லயும் இதே கதைதான். பக்ஸ் பன்னிக்குக் குரல் குடுத்த மெல் பிளாங்க் சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கார். கூட்ட முடியாது, வேணா டைட்டில்ல பேர் போடுறேன்னு சொல்லியிருக்காங்க. அப்படித்தான் அவர் பேர் திரையில வந்துச்சு. அந்தப் பேரால வேற இடங்கள்ல வேலை குவிஞ்சது. ஒரு வரி கிரெடிட் ஒரு வாழ்க்கையை மாத்தும்.

ஏணியோட முதல் படி

இப்போ நம்ம தொழிலுக்கு வர்றேன். ஏ.ஐ. குரல். 2024-ல 'லால் சலாம்' படத்துல ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ. மூலமா கொண்டுவந்தார். குடும்பங்கள்கிட்ட அனுமதி வாங்கி, பணமும் குடுத்ததாச் சொன்னார். 2023-ல ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் ஸ்ட்ரைக் பண்ணினாங்களே, அதுல ஏ.ஐ. ஒரு முக்கியமான கோரிக்கை. இப்போ குரலை மாத்துறது மட்டுமில்ல, டப்பிங் வசனத்துக்கு ஏத்த மாதிரி நடிகரோட உதட்டையே மாத்துற சாஃப்ட்வேர் வந்துடுச்சு. 'வத்து'வுக்கு 'விடு' தேட வேண்டிய வேலையே இருக்காது.

ஒரு இன்ஜினியரா எனக்கு அது ஆச்சரியமான டெக்னாலஜி. அதை வேணாம்னு சொல்லப் போறதில்ல. ஆனா முதல்ல போகப்போறது யார் வேலைன்னு யோசிங்க. பெரிய நடிகரோட குரலுக்கு வக்கீல் இருக்கார், ஒப்பந்தம் இருக்கு. போகப்போறது கூட்டத்துல கத்துற குரல், 'ஐயா வந்துட்டாருங்க'ன்னு ஒரு வரி பேசுற குரல், டீக்கடைக்காரர் குரல். புதுசா டப்பிங்குக்கு வர்றவங்க நிக்கிற இடம் அதுதான். பெரிய ஆளுங்க பேசுறதைப் பக்கத்துல நின்னு பார்த்துக் கத்துக்கிற இடமும் அதுதான்.

நம்ம ஆபீஸ்லயும் இதே பேச்சு ஓடுதே. ஃப்ரெஷர் பண்ற சின்ன டிக்கெட்டை எல்லாம் ஏ.ஐ. பண்ணிடும்னு சொல்றோம். அப்போ பத்து வருஷம் கழிச்சு சீனியர் எங்கிருந்து வருவார்? சின்ன வேலைங்கிறது செலவுக் கணக்குல ஒரு வரி. ஆனா அதுக்குள்ள ஒருத்தர் வளர்ந்துட்டு இருக்கார். இருட்டு ரூம்ல யாரும் பார்க்காம நடந்த அந்தப் பல வருஷம் இல்லைன்னா, இளம்பருதியோட அந்த மூச்சு நமக்குக் கிடைச்சிருக்காது.

எல்லாத்துக்கும் என்கிட்ட தீர்வு இல்ல. மூணு விஷயம் மட்டும் கேக்கலாம்னு நினைக்கிறேன். குரலை மெஷினுக்குப் பழக்கறதுக்கு முன்னாடி அந்தக் கலைஞர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும். ஒவ்வொரு தடவை பயன்படுத்தறப்பவும் காசு போகணும். படம் முடியும்போது பேசினவங்க பேர் திரையில வரணும், ஓ.டி.டி.யில டப்பிங் வெர்ஷனுக்கும் சேர்த்து. இதுல எதுவுமே டெக்னிக்கலா கஷ்டமான வேலை இல்லைன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த தடவை ஓ.டி.டி.யில ஒரு தெலுங்குப் படமோ கொரியன் சீரிஸோ தமிழ்ல பார்த்தீங்கன்னா, கடைசியில 'அடுத்த எபிசோட்'னு ஒரு பட்டன் வரும்ல, அதை உடனே அமுக்காதீங்க. முப்பது செகண்ட் விடுங்க. டப்பிங் கலைஞர்கள்னு ஒரு பட்டியல் ஓடுதான்னு பாருங்க. ஓடினா ஒரு பேரையாவது படிங்க. ஓடலைன்னா, ஏன் ஓடலைன்னு அந்த ஆப்புல ஃபீட்பேக் போடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் வாசல்ல வண்டி நிறுத்துற இடத்துக்குச் சண்டை போடாம இருங்க.